பொக்கைவாய்ப் பெட்டி

என் உள்ளங்கையில் ஒரு பல் இருந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ரோஸ் நிறத் தகடு, அதன் விளிம்பில் ஒற்றைப் பல், பக்கத்துப் பல்லைப் பற்றிக்கொள்ள வளைத்துவிட்ட சிறு கம்பி. மாதா கோயில் கீபோர்டைப் பிரித்து அதற்குள்ளிருந்து அதை எடுத்திருந்தேன். பல்லுக்குச் சொந்தக்காரரான எங்கள் பாடற்குழு மாஸ்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. அந்தத் தகட்டில் ஒட்டியிருந்த தூசி வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மீன்பிடித் துறைமுகம் பக்கம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடையில் அன்றும் வேலை, இன்றும் வேலை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வார்த்தை வராது. முதலாளி ஏதாவது கேட்டால்கூடத் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொள்வேன். பூசையில் பாடும்போது மட்டும் கூச்சம் விட்டுவிடும். எல்லாருடைய சத்தத்துக்கும் அடியில் என் சத்தம் போய் ஒளிந்துகொள்ளும் என்பதால் இருக்கலாம். மாஸ்டர் அதைக் கண்டுபிடித்தார். ஒரு ஞாயிறு கூட்டத்துக்குள் வந்து என் தோளைப் பிடித்து, “ஏலே, அடிக்குரல்ல முழங்குனது நீதானா? இத்தன நாளா எங்கலே ஒளிஞ்சு கெடந்த?” என்றார். அதற்கு முன்பும் பின்பும் என்னை யாரும் தேடி வந்ததில்லை. பாடற்குழுவின் பின்வரிசையில் சுவரோரம் எனக்கென்று ஓர் இடம் வந்தது. பாட்டுத்தாளை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்பது அவருக்குத் தெரியும். ஒருதடவை பாடிக் காட்டினால் பிடித்துக்கொள்வேன் என்பதும் தெரியும். ஆறு வருடம் அப்படி ஓடியது. வாரம் முழுவதும் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டதுபோல் வீட்டுக்கு வருவேன்.

மாஸ்டர் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கலையாத கிராப்பு, சிரித்தால் வரிசை குலையாத பல். நாங்கள் ‘பெட்டி’ என்று சொல்லும் கீபோர்டு, கப்பலில் வேலை பார்த்த ஒருவர் கோயிலுக்குக் கொடுத்தது. கடற்காற்றில் அதன் ஆணிகள் துருவேறியிருந்தன. நடுவில் ஒரு கறுப்புக் கட்டை உடைந்து அந்த இடம் ஓட்டையாகவே கிடந்தது. மாஸ்டர் இல்லாத நேரத்தில் குழுவில் உள்ளவர்கள் ‘பொக்கைவாய்’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். உடைந்த கட்டையைத்தான் சொல்கிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரிப்பேன்.

திருவிழா அன்று, மாலைப் பூசைக்கு முன். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பீடத்துப் பக்கமிருந்து சாம்பிராணிப் புகை வந்துகொண்டிருந்தது. கீபோர்டின்மேல் குனிந்து சுருதி பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் அடுத்தடுத்து மூன்று தும்மல் தும்மினார். மூன்றாவது தும்மலில் ஏதோ தெறித்துக் கட்டைகள்மேல் விழுந்து, துள்ளி, அந்த ஓட்டைக்குள் போனது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். “கதவச் சாத்துலே” என்றார். ‘ச’ வரவேண்டிய இடத்தில் காற்றுதான் வந்தது.

கீபோர்டைக் கவிழ்த்து உலுக்கினேன். உள்ளே கடகடவென்று ஓடியதே தவிர வெளியே வரவில்லை. பூசைக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. என் சைக்கிள் பையில் திருப்புளி இருந்தது. அடிப்பக்கத்து ஆணிகளில் ஐந்தாறு அசையவே இல்லை. மாதா சுரூபத்தின் முன்னால் அணைந்திருந்த விளக்கிலிருந்து எண்ணெய் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறவைத்துத் திருப்பினேன். பட்டை வயர் அறுந்துவிடாமல் அடித்தட்டைத் தூக்கினால், உள்ளே உருகி விழுந்த மெழுகு, ஒரு கொண்டை ஊசி, செத்த கரப்பான், ஜெபமாலை மணி ஒன்று. பல், கட்டைகளுக்குக் கீழே ஓடும் ரப்பர் பட்டைக்கு அடியில் செருகிக் கிடந்தது.

மாஸ்டர் அதை வாங்கித் துடைத்து, என் பக்கம் திரும்பாமலே மாட்டிக்கொண்டார். திரும்பியபோது முகம் பழையபடி ஆகியிருந்தது, கண் ஆகவில்லை. “இது வெளிய போச்சுன்னா நான் இந்தக் கோயில் படி ஏற மாட்டேன். மாதா மேல சத்தியம் பண்ணுலே.” எண்ணெய்க் கையோடு சத்தியம் செய்தேன். அவர் முகத்தில் நன்றியைத் தேடினேன். பயம்தான் இருந்தது. உதவி செய்தவனை ஒருவர் அவ்வளவு பயத்தோடு பார்க்க முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு கோயில் படியில் எல்லாரும் நின்றோம். தபேலா வாசிக்கும் அண்ணன் வழக்கம்போல ஆரம்பித்தார். “ஏலே, இன்னைக்குப் பொக்கைவாய் சுருதி சேருமா, இல்ல காத்துதான் வருமா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால் மாஸ்டர். அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார்.

பூசை முடிந்து பாட்டுப் பழகும்போது புதுத் தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். “அஞ்சாங்கிளாஸ் தொரை, இத சத்தமா வாசிங்க பாப்போம். எல்லாரும் கேக்கட்டும்.” முதல் வார்த்தையை எழுத்துக்கூட்டினேன். இரண்டாவதில் திக்கினேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “வாசிக்கத் தெரியாதவன வச்சுக்கிட்டு நான் எப்படிலே பாட்டுச் சொல்லிக்குடுக்க? இனிமே நீ வர வேண்டாம்” என்றார். அந்தப் பேர் உங்களுக்கு இல்லை, பெட்டிக்கு என்ற ஒரு வரி என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் மாஸ்டர் எதற்காக அதைத் தன்மேல் எடுத்துக்கொண்டார் என்று எல்லாரும் கேட்பார்கள். கேட்டால் சத்தியம் போகும். தாளை மடித்து ஸ்டூல்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

தனியாகச் சொல்லலாம் என்று ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே, “அவுக இல்லையே” என்றார். மாஸ்டர் செருப்பு அங்கேதான் கிடந்தது. நான் அதைப் பார்த்ததை அந்த அம்மாவும் பார்த்தார். பிறகு நான் போகவில்லை. பூசைக்குப் போவதை நிறுத்தவில்லை, பாடுவதை நிறுத்திவிட்டேன். “எல்லாரும் பாடுதாக, ஒங்க வாய்க்கு மட்டும் என்ன பூட்டா?” என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை. அதில் எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, என்னை விரட்டியவருடைய மானம் என் கையில்தான் பத்திரமாக இருக்கிறது என்று.

போன மாதம் மாஸ்டர் இறந்துபோனார். ஐஸ் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கழற்றியதை யாரும் திரும்ப மாட்டவில்லை போலிருக்கிறது. பாதி திறந்த வாயில் முன்பல் இருக்கவேண்டிய இடம் கறுப்பாகத் தெரிந்தது. எனக்குப் பதறிவிட்டது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கண்ணாடியை மறைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்த தபேலா அண்ணன், “பாவம், அந்தக் கட்டுப்பல்ல வச்சு விட்டிருக்கலாம்” என்றார்.

“ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“என்னலே இப்படிக் கேக்க? பாடும்போது நாக்கால தள்ளித் தள்ளி உள்ள வப்பாரு. முன்னால நின்ன எங்களுக்குத் தெரியாதா? நீ பின்னால சுவரோட சுவரா நிப்ப.”

“அப்போ பொக்கைவாய்னு சொன்னது கீபோர்ட இல்லையா?”

அண்ணன் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். “பெட்டியப் போயி எவனாவது கேலி பண்ணுவானாலே?”

என்னை நிறுத்தியது எதனால் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். “ஒனக்கு வாசிக்க வரல. எங்களுக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு” என்றார். ஊரில் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்த கேலிக்கு நான் தண்டனை அனுபவித்தது அண்ணனுக்குத் தெரியாது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை நான் ஒருவன் மட்டும் பதினெட்டு வருடம் காவல் காத்ததும் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் அதுவும் ஒரு சிரிப்பாகும் என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

சவப்பெட்டியைத் தூக்கியதும் பாடற்குழு முன்னால் நடந்தது. “வந்து சேருலே, அடிக்குரலுக்கு ஆள் இல்ல. அவருக்காக ரெண்டு வரி பாடு” என்று அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். மாஸ்டர் எனக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்த பாட்டு அது. அடிக்குரல் சேரவேண்டிய இடம் வந்தது, வெறுமையாகக் கடந்து போனது. மறுபடி வந்தது. குரல் இருந்தது. அதை மாஸ்டருக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை, இவர்களுக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.