நட்டாலி மிதக்கப் பழகிய கதை

நட்டாலிக்கு அடிக்கடி ஒரே கனவு வரும். கடலில் மல்லாந்து படுத்திருப்பாள். கையையும் காலையும் அசைக்க மாட்டாள். தண்ணீர் அவளைத் தாங்கிக்கொண்டிருக்கும். பினாங்குத் தீவு பக்கத்தில் மெல்ல நகர்ந்து போகும். முதலில் மலை வரும், பிறகு கட்டடங்கள், பிறகு வெறும் வானம். அவ்வளவுதான் கனவு. விழித்த பிறகும் வெகுநேரம் உடம்பு கனமில்லாமல் இருக்கும்.

விழித்திருக்கும்போது அவளுக்கு நீச்சல் தெரியாது. தீவில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனால் முழங்காலுக்கு மேல் கடல் வந்தால் திரும்பி ஓடிவிடுவாள்.

தீவின் ஜெலுத்தோங் பகுதியில் உயரமான அடுக்குமாடி ஒன்றில் அவர்கள் வீடு. அப்பா கிளிஃபர்ட், பட்டர்வொர்த் பக்கத்துத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்கும் கிரேன் ஓட்டுபவர். ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. அம்மா ரீத்தா ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பார். சண்டை போட்டு விலகிய குடும்பம் இல்லை அது. பேச்சு தானாகக் குறைந்து போயிருந்தது. மின்சாரச் சோற்றுப் பானையின் சிறிய விளக்கு எந்நேரமும் எரியும். பசித்தவர் பசித்த நேரத்தில் போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கைப்பேசியில்தான் செய்தி அனுப்பிக்கொள்வார்கள். “கறி அடுப்பு மேல.” “கேஸ் முடிஞ்சிருச்சு.” “ஓகே.” மூவரும் இருந்த அந்தக் கைப்பேசிக் குழுவுக்குப் பெயர் ‘ஹேப்பி ஃபேமிலி’. நட்டாலி பள்ளியில் படித்த காலத்தில் வைத்த பெயர். மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

நட்டாலிக்கு இருபத்தைந்து வயது. ஹோட்டல் வரவேற்பில் இருந்தாள், பிறகு விளம்பரப் பலகை வடிவமைக்கும் கடையில், பிறகு தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலையில். எதையும் வெறுத்து விடவில்லை. கொஞ்ச நாள் போனதும், வேறு யாரோ ஒருத்தியின் நாற்காலியில் தவறி வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் தோன்றும். எழுந்து வந்துவிடுவாள். கடைசி வேலையை விட்ட பிறகு, பகல் முழுக்க அறைக்குள் படுத்துத் ஊக்கமூட்டும் தன்முனைப்புப் பேச்சுகளைக் கைப்பேசியில் கேட்கத் தொடங்கினாள். ஒரு குரல் விடியலில் எழுந்திரு என்றது. இன்னொன்று பச்சைத் தண்ணீரில் குளி என்றது. கண்ணாடியைப் பார்த்து, ‘நான் வெல்வேன்’ என்று சொல்லச் சொன்னது இன்னொன்று. எல்லாம் செய்து பார்த்தாள். கண்ணாடியில் இருந்தவளைப் பார்த்தால்தான் கொஞ்சம் பாவமாக இருந்தது.

கோலாலம்பூரிலிருந்து ஒரு பேச்சாளர் ஜார்ஜ் டவுனுக்கு வந்தபோது நேரிலேயே போனாள். ஹோட்டல் மண்டபம் நிறையக் கூட்டம். அவர் மைக்கை நீட்டிக்கொண்டே வந்தார்.

“உங்க கனவ ஒரே வரியில சொல்லுங்க!”

ஒருவர் சொந்தக் கடை என்றார். ஒருவர் துபாய் என்றார். மைக் நட்டாலியிடம் வந்தது. இருந்த ஒரே கனவைச் சொன்னாள்.

“தண்ணியில மல்லாக்கப் படுத்து மிதக்கணும்.”

மண்டபம் சிரித்தது. பேச்சாளரும் சிரித்தார். “சிஸ்டர், அது கனவு இல்ல. அது லீவு!”

எல்லாரும் கைதட்டினார்கள். நட்டாலியும் சேர்ந்து தட்டினாள். வெளியே வந்து பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோதுதான் காது சூடாகியது. ஆனால் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வேறொன்று தோன்றியது. வேண்டும் என்று அவள் வாயிலிருந்து ஒன்று வந்து எத்தனை காலமாயிற்று? சிரிக்கிற மாதிரியானதாகவே இருக்கட்டும். கேட்டதற்கு ஒரு பதில் அவளிடம் இருந்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அவள் பொது நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் நின்றுகொண்டிருந்தாள். கற்றுக்கொடுத்தவள் ஷாஹிரா, தமிழ் முஸ்லிம் பெண், நட்டாலியைவிட ஓரிரு வயது பெரியவளாக இருக்கலாம். உடம்பு முழுதும் மூடிய கறுப்பு நீச்சலுடையில் மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தாள்.

“என்ன பழகணும்? ஃப்ரீ ஸ்டைலா, தவளை நீச்சலா?”

“நீந்த வேணாம். மிதந்தா போதும்.”

“அதுதான் கஷ்டம் லா,” என்றாள் ஷாஹிரா, சிரிக்காமல். “நீந்துறதுக்குக் கையக் கால ஆட்டினா போதும். மிதக்க ஒண்ணும் பண்ணாம இருக்கணும். வா, காது நனையட்டும்.”

காது நனைவதுதான் நட்டாலிக்கு முடியவில்லை. ஷாஹிராவின் உள்ளங்கை பின்கழுத்தைத் தாங்கியிருக்கும்போதே, தண்ணீர் காதுக்குள் குளுகுளுவென்று நுழைந்ததும் தலையைத் தூக்கிவிடுவாள். தலையைத் தூக்கினால் இடுப்பு மூழ்கும். இடுப்பு மூழ்கினால் எல்லாம் மூழ்கும். வாயிலும் மூக்கிலும் குளோரின் ஏறிய தண்ணீரோடு எழுந்து நிற்பாள். வாரங்கள் இப்படியே போயின. ஆனாலும் அவள் விடவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை இடி இடித்ததால் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் புதன்கிழமை மாலை பெண்களுக்கான நேரத்தில் வரச் சொன்னாள் ஷாஹிரா. அன்று நட்டாலி தலையைச் சீவி நல்ல சட்டை போட்டுக் கிளம்புவதைக் கண்டு, அம்மா அதிசயமாக வாய் திறந்தார்.

“எங்க?”

“இன்டர்வியூ.”

“சரி. நான் நவநாளுக்குப் போறேன்.” புதன்கிழமை மாலைகளில் அம்மா மாதா கோயிலில் நவநாள் செபத்துக்குப் போவது வழக்கம்.

குளத்தில் அன்று நிறையப் பெண்கள். வயதானவர்கள், இளம் தாய்மார்கள். எல்லார் தலையிலும் இறுக்கமான ரப்பர் தொப்பி, கண்ணில் நீலக் கண்ணாடி. யார் யாரென்று தெரியாது. மேகம் கலைந்து சாய்வான வெயில் குளத்தில் விழுந்து, அடித்தளம் முழுக்கப் பொன்வலை மாதிரி அலைந்துகொண்டிருந்தது. நட்டாலி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன்னை மறந்த மாதிரி பின்னால் சாய்ந்தாள். காது நனைந்தது. உலகத்தின் சத்தம் எல்லாம் ஒரு மூடிக்குள் போய்விட்டது. தன் மூச்சு மட்டும் பெரிதாக, வேறு யாருடையதோபோல் கேட்டது. ஷாஹிராவின் கை கழுத்துக்கடியில் இருப்பதாகத்தான் நினைத்தாள். கண்ணை உருட்டிப் பார்த்தபோது ஷாஹிரா தூரத்தில், குளத்தின் ஓரத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பயப்பட மறந்துபோனாள். மேகம் ஒன்று அவளுக்கு மேலே போனது, அல்லது அவள் மேகத்துக்குக் கீழே போனாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலை எதிலோ மெத்தென்று இடித்தது. யாருடைய தோளோ. துள்ளி எழுந்தாள்.

“சாரி, அக்கா!”

“பரவால்ல மா,” என்றது பக்கத்தில் தட்டுத்தடுமாறி எழுந்த உருவம்.

இருவரும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்கள். அதே நேரம் கரையிலிருந்து ஷாஹிரா கத்தினாள்: “ரீத்தா அக்கா! சூப்பர்! ரெண்டு பேருமே சூப்பர்!”

ரீத்தா அக்கா என்று யாரும் கூப்பிட்டு நட்டாலி அதுவரை கேட்டதில்லை. நீளக்கை நீச்சலுடையில், மஞ்சள் தொப்பியோடு, மூக்கில் தண்ணீர் ஒழுக நின்றது அவள் அம்மா.

“நீங்க நவநாளுக்குன்னு சொன்னீங்க.”

“நீ இன்டர்வியூன்னு சொன்ன.”

பிறகு அம்மாவின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நட்டாலி நினைத்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்த முடியாமல், இருமிக்கொண்டு, குளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

படிக்கட்டில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தார்கள்.

“எப்படி மா?”

“உன் ரூம்ல அந்த ஆளுங்க பேசுறது எனக்குக் கேக்கும். செவுரு மெல்லிசு,” என்றார் அம்மா. “துணி மடிச்சுக்கிட்டே கேப்பேன். முதல்ல உனக்குச் சொல்றாங்கன்னுதான் நெனச்சேன். ஒரு நாளு ஒருத்தன், பயப்படுறது எதுவோ அதப் போய்ச் செய்யுங்கன்னான். எனக்கும்தானே சொல்றான்னு தோணுச்சு. சின்னப் புள்ளையில படகுத்துறையில விளையாடிக் கடல்ல விழுந்துட்டேன். தூக்கிட்டாங்க. அதோட தண்ணின்னாலே நடுக்கம். உன்னையும் தண்ணிகிட்ட விட்டதில்ல.”

தன் பயம் எங்கிருந்து வந்தது என்று நட்டாலிக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபம் வரவில்லை. பழைய சட்டை ஒன்று உண்மையில் அம்மாவுடையது என்று கண்டுபிடித்ததுபோல் இருந்தது.

“ஏன் சொல்லல?”

“நீ கதவச் சாத்திக்கிட்டே இருந்த. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு…”

“நீங்க தட்டுவீங்கன்னு பார்த்தேன் மா.”

அம்மா தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். பிறகு, “இன்னொரு தடவ படுப்போமா?” என்று கேட்டார்.

வீடு திரும்பியபோது கிளிஃபர்ட் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ஈரத் தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கோயில்ல ரெண்டு பேருக்கும் திரும்ப ஞானஸ்நானமா?”

அவர் பகடி பேசி நட்டாலி கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அம்மா மறைக்காமல் சொல்லிவிட்டார். கிளிஃபர்ட் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

“முப்பது வருஷமா கடலுக்கு மேல உக்காந்திருக்கேன்,” என்றார் கடைசியில். “விழுந்தா நேராக் கீழதான். எனக்கும் நீச்சல் தெரியாது.” தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார். ஆனால் அடுத்த புதன்கிழமை, லீவு நாளானதால், காரை எடுத்து இருவரையும் குளத்து வாசலில் இறக்கிவிட்டார். பெண்கள் நேரம் என்பதால் வெளியே வண்டிக்குள்ளேயே காத்திருந்தார். திரும்பி வந்தபோது சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். வீட்டில் பேச்சு வரவில்லை. தண்ணீரில்தான் வந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்துகொண்டு வானத்திடம் பேசுவதுபோல் பேசுவார்கள். காது தண்ணீருக்குள் இருப்பதால் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பாதிதான் கேட்கும். அதுவே வசதியாக இருந்தது. கேட்ட பாதியை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அவரவர் யோசிப்பார்கள். “எனக்கு எதுவுமே ஆகணும்னு தோணல மா,” என்று ஒரு நாள் நட்டாலி மேகத்தைப் பார்த்துச் சொன்னாள். வெகுநேரம் கழித்து அம்மாவின் குரல் வந்தது. “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. உன் வயசுல அதச் சொல்ல ஆளில்ல.”

மழைக்காலம் தொடங்கியபோது ஷாஹிரா ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரு மறுவாழ்வு மையத்தில், பக்கவாதம் வந்தவர்களை வெந்நீர்க் குளத்தில் இறக்கிப் பயிற்சி கொடுக்கிறார்கள். தண்ணீருக்குள் நின்று நோயாளியின் கழுத்தைத் தாங்கிக்கொள்ள ஆள் வேண்டும்.

“நான் எப்படி? நானே இப்பத்தானே பழகினேன்.”

“அதனாலதான் கேக்குறேன். பயந்தவங்களுக்குப் பயம் தெரிஞ்ச கை வேணும்.”

நட்டாலி போனாள். முதல் சில நாட்கள், வழக்கம்போல எழுந்து வந்துவிடத் தோன்றுமோ என்று காத்துக்கொண்டே இருந்தாள். அவளிடம் வந்தவர்களில் நோர்மா என்ற மலாய் ஆசிரியை ஒருவர். நோய் வந்ததிலிருந்து அவருடைய இடது கை முஷ்டியாக இறுகியிருந்தது. யாரையும் தொட விடமாட்டார். நட்டாலி அவர் கழுத்துக்கடியில் கையை வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்ல மெல்லப் பின்னால் நடந்தாள். மூடிய கண்ணோடு நோர்மா வந்தார். கூரையின் கண்ணாடி வழியாக மழை வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. நட்டாலிக்கே தூக்கம் வருவதுபோல், நடப்பது தான்தானா என்பதுபோல் இருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அப்படி நடந்துகொண்டிருந்தபோது, தண்ணீருக்குள் அந்த முஷ்டி மெதுவாகத் திறந்தது. ஐந்து விரலும் நீரில் பாசி மாதிரி ஆடின. நோர்மாவுக்கு அது தெரியவில்லை. நட்டாலிதான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நடந்தாள். நின்றால் கலைந்துவிடும் என்று நிற்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மூன்று பேரும் பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரைக்குப் போனார்கள். யோசனை அம்மாவுடையது. அம்மாவும் மகளும் கரையோரம் மிதந்தார்கள். கிளிஃபர்ட் காற்சட்டையை மடித்துவிட்டுக் கணுக்கால் நீரில் நின்றார். “வாங்க டேடி,” என்று நட்டாலி கூப்பிட்டதற்கு, “இது போதும்,” என்றார். ஆனால் அவர்கள் எழுந்து வரும்வரை அங்கிருந்து நகரவில்லை.

திரும்பும் வழியில் தஞ்சோங் தோக்கோங்கில் வண்டி நெரிசல். கிளிஃபர்ட் திடீரென்று, முன்னால் நின்ற லாரியைப் பார்த்தபடியே கேட்டார்.

“உன் வேலையில… என்ன பண்ணுவ?”

நட்டாலி பின்சீட்டிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். நோர்மாவைப் பற்றிச் சொன்னாள். வெந்நீரைப் பற்றி, கழுத்தின் கனத்தைப் பற்றி, ஒவ்வொருவர் கழுத்தும் ஒவ்வொரு மாதிரி பயப்படுவதைப் பற்றிச் சொன்னாள். அந்தக் கை திறந்ததைச் சொல்லத் தொடங்கியபோது, ஜெலுத்தோங் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தது. கிளிஃபர்ட் திரும்பவில்லை. கடலோரச் சாலையில் நேரே விட்டார்.

“எங்க போறீங்க?” என்றார் அம்மா.

“சும்மாதான். கெலுகோர் வரைக்கும் போய்ட்டு வருவோம்,” என்றார் கிளிஃபர்ட். “ம். அப்புறம்? கை திறந்துச்சா?”