மாடியறைமேல் வந்த புகார்

அந்தத் தெருவில் சலவைக்கடை வைத்திருந்தவரை எல்லோரும் ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாளைக்குக் கேட்ட சட்டையை இன்றே தேய்த்து நீட்டிவிடுவார். அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் சட்டை தேய்க்கிற வேகத்தில் வீடு கட்டலாமா? மனிதர் கட்டினார். கீழே கடை, மேலே குடித்தனம், அதற்கும் மேலே புதிதாக ஓர் அறை. மருமகன் வேலைக்காக வெளிநாடு போக, மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கப்போகிறாள் என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. நகராட்சி அனுமதியா? அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுவருக்கு வெள்ளையடித்துக் கட்டிலையும் மேலே ஏற்றிய வாரமே, நகராட்சியின் கட்டட ஆய்வாளர் அம்மா வந்து நின்றார். புகார் வந்திருக்கிறதாம். யார் கொடுத்தது என்று சொல்ல மாட்டார்களாம். அளவு நாடாவும் கையுமாக மேலும் கீழும் ஏறி இறங்கினார். அவசரம் கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே நடந்தார். அறையை இடித்துவிட்டால் மகள் எங்கே தங்குவாள்?

“இப்போதைக்கு இடிக்கச் சொல்லல. கீழ தூணெல்லாம் தாங்குமான்னு பாக்கணும். அதுவரைக்கும் யாரும் இங்க படுக்கக் கூடாது,” என்று சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார் அந்த அம்மா.

நியாயமான பேச்சுதான். கேட்கிற நிலையில் இவர் இருந்தால் அல்லவா? பக்கத்துப் போட்டோக் கடைக்காரர்தான் வத்தி வைத்தார் என்று முடிவுகட்டிவிட்டார். புதுச் சுவரால் அவருடைய ஜன்னலுக்கு வெளிச்சம் குறைந்திருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்? கடை திறக்கும்போது ஒரு வசை, சாத்தும்போது ஒரு வசை. அந்த மனிதரோ காதில் விழாதது போலப் படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் சொன்னபடி கொத்தனார் வந்து, துணி அலசும் தொட்டிக்குப் பக்கத்துத் தூணில் பூச்சைக் கொத்தினார். உள்ளே இருந்த கான்கிரீட் மாவாகக் கொட்டியது. கம்பி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. வருஷக்கணக்காகச் சலவைத் தண்ணீர் குடித்த தூண். அதற்கு நேர் மேலேதான் குழந்தைக்கான கட்டில். அவசரம் முதல் வேலையாக மாடியேறி அந்தக் கட்டிலைக் கீழே இறக்கினார். நல்லவேளையாக, தூண்களைப் பலப்படுத்தி முறைப்படி அனுமதி வாங்கினால் அறை நிற்கலாம் என்று ஆய்வாளர் அவகாசம் கொடுத்தார்.

அவசரம் நேராகப் போட்டோக் கடைக்குப் போனார். திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு, புகார் கொடுத்த புண்ணியத்துக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நான் கொடுக்கல,” என்றார் போட்டோக் கடைக்காரர். “கொடுத்தவங்கள நகராட்சி ஆபீஸ்ல பாத்தேன். உங்க வீட்டுக்குள்ள சண்டை மூட்ட வேணாம்னு பேசாம இருந்துட்டேன்.”

இத்தனை வசையையும் வாங்கிக்கொண்டு ஒருவர் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். அவசரம் கூசிப்போய்க் கடைக்குத் திரும்பினார். மனைவி போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். தூணில் விரிசல் தெரிகிறது என்று அவள் சொன்னதும், உனக்கென்ன தெரியும் என்று தான் வாயை அடைத்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். நீங்க கேக்கல. அதான் கேக்கறவங்ககிட்ட போய்ச் சொன்னேன்,” என்றாள் அவள், தலை நிமிராமல்.

அவர் போர்வையின் மறுமுனையைப் பிடித்து அவளோடு சேர்ந்து மடித்தார்.

“நம்ம பொண்ண நீ ரெண்டாவது தடவையும் பெத்திருக்க,” என்றார்.