தைத்துக் கொடுத்த பை

தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. கிழிசலோடு வாசலில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்பத் தெரியாதவள். அந்தக் குணம்தான் அவளைக் கவிழ்த்தது.

பவர் மெஷினில் பெல்ட் நழுவிக்கொண்டே இருந்ததால், இணையத்தில் கிடைத்த 'கம்பெனி சர்வீஸ்' எண்ணுக்கு அழைத்தாள். வந்தவன் தேனாகப் பேசினான். "அக்கா, பை வார் அறுந்துபோச்சு, ஒரு தையல் போட்டுத் தர்றீங்களா?" அவளும் பழைய மிதி மெஷினில் உட்கார்ந்து, அவனுக்கு முதுகைக் காட்டியபடி, இரட்டைத் தையலாகவே போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் மோட்டார் புகைந்தது. கழற்றிப் பார்த்தால், அடையாளத்துக்கு அவள் நகப்பூச்சால் வைத்திருந்த சிவப்புப் பொட்டு அதில் இல்லை. அவளுடைய புது மோட்டார் அந்தப் பையிலேயே போயிருந்தது. அவன் எண்ணோ மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பத்து நாளில் நாற்பது பள்ளிச் சீருடை கொடுத்தாக வேண்டும்.

பக்கத்தில் இஸ்திரிக் கடை வைத்திருந்த நாத்தனாரிடம் போய்க் கொட்டினாள். நாத்தனாரின் முகம் செத்துப்போனது.

"குள்ளமா, வாய்க்கு வாய் அக்கா அக்கான்னு...?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"போன மாசம் என் வாஷிங் மெஷின் மோட்டாரும் அப்படித்தான் போச்சு அண்ணி. வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு..."

"சிரிச்சா உன் பல்லா கொட்டிடும்? நீ வாயைத் திறந்திருந்தா அவன் என் வாசப்படி ஏறியிருப்பானா?"

"திட்டுறதுன்னா அவனைத் திட்டுங்க."

"அவனுக்கும் இருக்கு. நட, புகார் ஆபீசுக்கு."

நுகர்வோர் புகார் அலுவலகத்தில் இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்தார். "இந்த நம்பர் மேல இதுவரைக்கும் ஒரு புகாரும் இல்லையேம்மா."

"யாரும் எழுதலேன்னா யாரும் ஏமாறலேன்னு அர்த்தமா சார்?"

"எங்களுக்கு அப்படித்தாம்மா தெரியும். ஒண்ணே ஒண்ணுன்னா ஏதோ தகராறுன்னு கிடப்புல போயிடும். ரெண்டு மூணு சேர்ந்தா நம்பரை முடக்கச் சொல்லி இன்னைக்கே போலீசுக்கு எழுதலாம்."

தையலக்கா திரும்பினாள். நாத்தனார் கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வருஷம் பூரா குத்திக் காட்டுவாரு..."

"காட்டட்டும். உன் அண்ணனும்தான் காலையிலேருந்து என்னைக் குத்துறாரு, செத்தா போயிட்டேன்? எழுது!"

நாத்தனார் எழுதினாள். தேதி எழுதும் இடத்தில் பேனா தயங்கியது. முப்பத்திரண்டு நாள் முன்பு. அதைப் பார்த்ததும் தையலக்காவுக்கு மறுபடி கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அலுவலகத்துக்காரர் இருவரின் புகார்த் தாளையும் சேர்த்துப் பின் அடித்து முத்திரை குத்தினார்.

மோட்டார் திரும்பி வருமென்று யாரும் சொல்லவில்லை. நாற்பது சீருடையையும் மிதித்தே தைக்க வேண்டும். திரும்பும் வழியில் தையலக்கா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

"சட்டைக்குக் காஜா எடுக்க, பட்டன் கட்ட நான் வரட்டுமா அண்ணி?"

"வராம இருந்து பாரு."