யசிந்தாவின் பென்சில் புள்ளி

என் தங்கை யசிந்தா வென்றெடுத்தவை இவை: மூன்றாம் தடவையில் சாதாரண தரப் பரீட்சைக் கணிதம், வாசிகசாலை மண்டபம், கிழமைக்கு மூன்று நாள், பின்னேரம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை, இரண்டு பெட்டி வெண்கட்டி, அதில் ஒன்று நனைந்தது, முப்பத்தைந்து பிள்ளைகள், பள்ளிக்கூடத்து ஆசிரியர் வரவுப் பதிவேட்டில் ஒரு வரி.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். யாழ்ப்பாணம் குருநகர் மீன் சந்தையில் தராசு பிடிக்கிறேன். தேதிகளில் பிழைவிட மாட்டேன். ஆனால் 1992இல் நடந்தவற்றில் எது யாருடைய வேலை என்பது இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. நடந்த வரிசைப்படி எழுதுகிறேன்.

1989 தை மாதத்திலிருந்து யசிந்தா எங்கள் கரையோரப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. நியமனம் இல்லாதவர் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட முடியாது. ஆகவே அவள் வந்த நாட்களில் பள்ளிக்கூட அதிபர் செபநாயகம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். நான்கு வருடம் அவள் புள்ளியாகவே இருந்தாள்.

1992 ஆடியில் பல்கலைக்கழகத்திலிருந்து பத்மாவதி என்ற விரிவுரையாளர் சைக்கிளில் வந்தார். பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துவது அவருடைய திட்டம். படிப்பிக்க மாணவர் ஐந்து பேரைப் பல்கலைக்கழகம் அனுப்பும். அரசாங்கத்தின் கல்விக் கந்தோர் தாளும் வெண்கட்டியும் தரும். வாசிகசாலை மண்டபத்தைத் திறந்துவிடுவதும் பிள்ளைகளின் பட்டியல் எடுப்பதும் கிராம சேவகர் பொறுப்பு. ஐப்பசிக்குள் முப்பது பிள்ளைகளாவது சேர வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பு இல்லை என்றார் கல்விக் கந்தோர் அதிகாரி. வகுப்பு நிலைத்தால் யசிந்தாவைப் பொறுப்பாகப் போடலாம், பதிவேட்டில் ஒப்பமும் இடலாம் என்றும் சொன்னார். அன்று அவள் வீட்டில் சோறு சாப்பிடவில்லை. சந்தோசமா பயமா என்று நான் கேட்கவில்லை.

கிராம சேவகர் ஏரம்பு இணுவில்காரர், எங்கள் பகுதிக்குப் புதியவர். எனக்கு எல்லா வீடும் தெரியும், எழுத்தும் வடிவு என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு நாளில் ஏழு வயது முதல் பதினொரு வயது வரையான நூற்றுப் பத்துப் பிள்ளைகளின் பெயரை எழுதிக் கொடுத்தேன். கல்விக் கந்தோரில் அதை, பிள்ளைகளின் பெயர் பதியும் பள்ளிக்கூட இடாப்போடு ஒப்பிட்டார்கள். இடாப்பில் இல்லாத பெயர்கள் நாற்பத்தெட்டு.

ஆவணி 31, திங்கட்கிழமை வகுப்புத் தொடங்கியது. ஐந்து மாணவரும் பாய் விரித்துக் காத்திருந்தார்கள். நான்கு பிள்ளைகள் வந்தார்கள். புரட்டாதி முழுவதும் அதே நான்கு பேர்தான். பட்டியல் பிழை என்றது கல்விக் கந்தோர். இடாப்புப் பிழை என்றார் ஏரம்பு. தாய்மார் அனுப்புகிறார்கள் இல்லை என்று மாணவர்கள் எண்ணினார்கள். ஒவ்வொருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது.

பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போவதில்லை என்று யசிந்தா வீடு வீடாகப் போய்க் கேட்டாள். அயல்வீட்டுச் செபஸ்தியம்மா மீன் கழுவிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே என்னைக் கூப்பிட்டாள்.

"ராசு, உன்ரை தங்கச்சிக்கு என்ன பிடிச்சிருக்கு? என்ரை பெடியன் பள்ளிக்குப் போறேல்லையாம். அப்ப நான் காலமை தலை இழுத்து அனுப்புறது ஆரை, பூனையையோ?"

அன்று பின்னேரம் யசிந்தா அந்தப் பட்டியலோடு என்னிடம் வந்தாள்.

"அண்ணை, இது உங்கடை எழுத்தெல்லோ?"

"ஓம். ஏன், பிழையோ?"

"வடிவாத்தான் எழுதியிருக்கிறியள். உதிலை சூட்டி எண்டு இருக்கிறது ஆர்?"

"செபஸ்தியம்மாவின்ரை கடைசி."

"அவன்ரை ஞானஸ்நானப் பேர்?"

"எனக்கென்ன தெரியும். சூட்டி எண்டால் சூட்டிதான்."

"அவன் என்ரை வகுப்பிலை முன் வாங்கிலை இருக்கிறான், அண்ணை. இடாப்பிலை மரிய அந்தோனிமுத்து."

எங்கள் கரையில் பலருக்கு ஞானஸ்நானப் பெயர் கோயில் புத்தகத்துக்கும் பள்ளிக்கூட இடாப்புக்கும் மட்டும்தான். கூப்பிடுவதற்கு வேறு பெயர். கூப்பிடும் பெயரை நான் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தேன்.

அவள் கோயில் புத்தகத்தைப் பார்த்து இரண்டு பெயரையும் எதிரெதிரே எழுதினாள். நாற்பத்தெட்டில் முப்பத்தொன்பது பேர் நாள்தோறும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறவர்கள். உண்மையில் வராதவர்கள் ஒன்பது பேர்தான். ஒன்பது முப்பதாகாது. பட்டியலைத் திருத்தினால் வகுப்பும் போய்விடும், அவளுடைய ஒப்பமும் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது.

"அப்ப பேசாமல் விடுவமே?" என்றேன்.

"அந்த முப்பத்தொன்பதிலை இருபத்தாறு பேருக்கு ஒரு வரி வாசிக்கத் தெரியாது. வாங்கிலை இருந்தால் படிச்சதெண்டு அர்த்தமோ?" என்றாள்.

ஐப்பசி 9, வெள்ளிக்கிழமை மண்டபத்தில் கூட்டம். வகுப்பை மூடத்தான் வந்திருந்தார்கள். நான் கதிரை தூக்கப் போயிருந்தேன். யசிந்தா இரண்டு பெயர்ப் பட்டியலைக் காட்டினாள். அதிகாரிக்கு விளங்கவில்லை. ஒரு பிள்ளைக்கு எப்படி இரண்டு பெயர், முதல் பட்டியலை எழுதியது யார் என்று கேட்டார். நான் எழுந்தேன்.

"நான்தான் ஐயா. பேதுரு."

ஏரம்பு திரும்பிப் பார்த்தார். "உம்மடை பேர் ராசு எல்லோ?"

முதலில் சிரித்தவர் பத்மாவதி. பிறகு அதிகாரியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது அவர்கள் பாதி சிரித்த பிறகுதான் பிடிபட்டது.

சிரிப்பு அடங்கியதும், பள்ளிக்கூடத்துக்கு வந்தும் வாசிக்கத் தெரியாதவர்களையும் சேர்க்கலாமா என்று யசிந்தா கேட்டாள். சேர்ப்பதுதான் சரி என்றார் பத்மாவதி. இருபத்தாறும் ஒன்பதும் முப்பத்தைந்து. அதிகாரி எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகும் நான்கு மாதம் போனது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தில் யசிந்தா 'ஒருங்கிணைப்பாளர்'. கிராம சேவகர் கடிதத்தில் 'உதவியாளர்'. கல்விக் கந்தோர்க் கடிதத்தில் 'பொறுப்பாசிரியை'. எந்தக் கடிதத்தின்படி அவள் ஒப்பமிடுவது என்று அதிபரிடம் கேட்டேன். "மூண்டின்படியும்," என்றார். அதுவும் எனக்கு விளங்கவில்லை. அவர் அன்றைய பென்சில் புள்ளியை அழித்துவிட்டுப் பேனையை அவளிடம் நீட்டினார்.

யசிந்தா அந்தப் பதிவேட்டில் முதன்முதலாக ஒப்பமிட்டது 1993 மாசி 15, திங்கட்கிழமை.