ஒண்ணும் ஆகாது

எங்கள் பவானிபூர் வீட்டில் துணி பீரோவைத் திறந்தால் கதவின் உள்பக்கம் ஒரு நீல டேப் துண்டு ஒட்டியிருக்கும். ஓடுகிற பிள்ளைகள் கால் சதைக்குப் பிடிமானமாக ஒட்டிக்கொள்கிற டேப். கல்லூரியில் பயிற்சி முடிந்து வந்ததும் என் மகள் அதைக் காலிலிருந்து உரித்து, குப்பையில் போடாமல், பீரோக் கதவில் ஒட்டிவைப்பாள். "ஏட்டி, இது பீரோவா, உன் முழங்காலா?" என்று திட்டிக்கொண்டே நான் துணி மடித்து வைப்பேன். மற்றதெல்லாம் போய்விட்டது, கடைசியாக ஒட்டியது மட்டும் மிச்சம். அதைப் பார்க்கும்போது எனக்கு முதலில் மகளின் கால் ஞாபகம் வருவதில்லை. அதை அவள் காலில் ஒட்டிவிட்ட கைதான் ஞாபகம் வருகிறது.

அந்தக் கை அவளுடைய கோச்சின் கை. கல்லூரியில் எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது வங்காளத்தில் அக்கா. எனக்கும் தீதிதான். என்னை அவர் பௌதி என்பார், அண்ணி என்று. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பழைய கல்லூரி அது. மைதானத்தின் ஓரத்திலேயே சாப்பல், சின்ன தேவாலயம். ஓடப்போகும் முன் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பித் தலைகுனிந்து ஜெபம் சொல்வார்கள். என் மகள் அந்த ஜெபத்தோடு திருச்செந்தூர் முருகனையும் சேர்த்துக் கூப்பிட்டுக்கொள்வாள். சேர்க்கை நாளில் பிரின்சிபால் சிஸ்டர் பெற்றோர்களிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது: "பிள்ளையை இந்த வாசலில் விட்டுவிட்டுப் போங்கள். கவலையையும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்." எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போனது. நான் பத்தாவது வரைதான் படித்தவள். மிச்சப் படிப்பெல்லாம் ஜனங்கள் பேசுவதைக் கேட்டு வந்தது. வங்காளமும் அப்படித்தான் வந்தது. "லேக் மார்க்கெட்டுக்கு அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கப் போனா, கூடவே அரைக்கிலோ பேச்சும் வாங்கிட்டு வருவா" என்பார் என் கணவர். யார் எது சொன்னாலும் எனக்குத் தமிழாகத்தான் காதில் நிற்கும். பிள்ளையை விட்ட பிறகும் கேட்டில் நின்றுகொண்டிருக்கும் எங்களைப் பார்த்து, "பிள்ளைங்கள விடுங்க, இந்த அம்மாங்களுக்குத்தான் அட்டெண்டன்ஸ் போடணும்" என்பார் காவலாளி. அதற்கும் சிரித்தேன்.

ஆனால் கவலையை நான் விட்டது வாசலில் இல்லை, தீதியின் கையில்தான். பொங்கலன்று வீட்டுக்கு வந்து, அடுக்களைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டவர். "இதுக்காகத்தான் உங்க பொண்ண டீம்ல வெச்சிருக்கேன் பௌதி, ஓடறாளா இல்லையான்னு யாரு பாத்தா?" என்று என்னைக் கேலி செய்வார். என் கணவர் டெங்குவில் படுத்திருந்தபோது மகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். காலையில் அவரே கல்லூரிக்குக் கூட்டிப்போனார். நான் எதற்குப் பயந்தாலும், மழையில் மைதானம் வழுக்குமோ என்றாலும், பரீட்சை கெட்டுவிடுமோ என்றாலும், அவரிடம் ஒரே பதில்தான். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கிச்சு ஹொபே நா, பௌதி" என்பார். ஒண்ணும் ஆகாது. அம்மா வீட்டில் யாரோ சொன்ன மாதிரி இருக்கும்.

இரண்டாம் வருஷக் குளிர்காலத்தில் மகளுக்கு முழங்காலுக்குக் கீழே வலி வந்தது. படி இறங்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். "வலிக்கா?" என்றால், "டென்ஷன் ஆகாதம்மா, தீதிகிட்ட சொல்லியாச்சு" என்பாள். கல்லூரிக்கு வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் தீதிதான் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார். மறுநாள் எனக்குப் போன் செய்தார். "சதைப் பிடிப்பு பௌதி. டேப் போட்டா சரியாயிடும். கிச்சு ஹொபே நா." நான் அன்றைக்கு நிம்மதியாக மாவு அரைத்தேன்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில், ரிலேயின் கடைசி ஓட்டம் என் மகளுக்கு. ஓடுவதற்கு முன் தீதி மண்டி போட்டு உட்கார்ந்து, குழந்தைக்குக் கொலுசு மாட்டுகிற மாதிரி, அவள் காலில் நீல டேப்பைச் சுற்றியதை நான் நாற்காலி வரிசையிலிருந்து பார்த்தேன். அவள் முன்னால் போன இருவரையும் தாண்டி ஓடினாள். கோட்டைக் கடந்து சில எட்டு வைத்தாள், அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். தீதி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அதே டாக்டர் என்னைப் பார்த்துக் கோபமாகத்தான் கேட்டார்: "ரிப்போர்ட் வந்த அன்னிக்கே உங்க கோச்சுக்குப் போன்ல சொன்னேனே? எலும்புல விரிசல் இருக்கு, ஓடினா உடைஞ்சிரும்னு. அப்புறம் எப்படி ஓடவிட்டீங்க?" எனக்கு அவர் பேசிய வங்காளம் திடீரென்று புரியாமல் போய்விட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

மகளின் எலும்புக்குள் கம்பி வைத்த பிறகு நான் கல்லூரிக்குப் போனேன். சிஸ்டரின் அறையில் மேஜை மேல் அந்த ரிலேயில் ஜெயித்த கோப்பை பளபளவென்று இருந்தது. தீதியும் இருந்தார். "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. "தெரியும் பௌதி. ஒரு ரேஸ்தானே பாக்கி இருந்துச்சு? அவளும் ஓடணும்னுதானே துடிச்சா?"

"உடையும்னு அவகிட்ட சொன்னீங்களா?"

சிஸ்டர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, சாப்பலில் மகளுக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறோம் என்றார். "வேண்டிக்கோங்க சிஸ்டர், வேண்டாம்னு சொல்லல. ஆனா அதுக்கு முன்னாடி ஏன் மறைச்சாங்கன்னு அவங்ககிட்ட கேளுங்க" என்றேன். சிஸ்டர் கேட்டது வேறு. அடுத்த வருஷ அணியில் என் மகள் பெயரை வைப்பதா வேண்டாமா என்று. தீதி என்னைப் பார்க்காமல், வழக்கமான அதே மெல்லிய குரலில் சொன்னார்: "ஓர் த்வாரா ஆர் கிச்சு ஹொபே நா, சிஸ்டர்." அவளால் இனி ஒண்ணும் ஆகாது.

அதே சொல். ஆறுதல் சொல்லவும் கைகழுவவும் அவருக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. எலுமிச்சை சாதம், டெங்கு நாட்கள், மணிக்கட்டுப் பிடி, இதெல்லாம் நடிப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு லேசாகிவிடும். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. பிரியமாக இருந்தவர்தான் மறைத்தார்.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். நன்றாகத்தான் நடக்கிறாள், பஸ்ஸுக்கு மட்டும் ஓடமாட்டாள், அடுத்ததில் ஏறிக்கொள்வாள். அவளுக்கு லீவு கிடைக்காததால் சான்றிதழ் வாங்க போன வாரம் நான் கல்லூரிக்குப் போனேன். அன்று புதிய பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம். மைதானத்தோரம் தீதி, தலை கொஞ்சம் நரைத்து, ஒரு தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். "கிச்சு ஹொபே நா, பௌதி." அந்தத் தாய் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

தீதி என்னைப் பார்த்துவிட்டார். "பௌதி! எப்படி இருக்கீங்க? இளைச்சிட்டீங்களே! எலுமிச்சை சாதம் எங்கே?" முகத்தில் உண்மையான சந்தோஷம். நான் அவரை விட்டுவிட்டு அந்தத் தாயிடம் சொன்னேன்: "எது ஆகாதுன்னு கேட்டுக்கோங்க. டாக்டர்கிட்ட போனா நீங்களும் கூடப் போங்க." தீதியின் கை அவள் மணிக்கட்டிலிருந்து நழுவியது. நான் நிற்காமல் வந்துவிட்டேன்.

மாலையில் மகள் செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டாள், "தீதியப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"என்னப் பத்தி கேட்டாங்களா?"

துணி எடுப்பதுபோல் பீரோவைத் திறந்து கதவுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன். நீல டேப்பின் ஒரு முனை கிளம்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ஒட்டவில்லை.