முறைத்தண்ணீருக்கு முன்னே இரண்டு சைக்கிள்

ஆற்றில் தண்ணீர் விட்டால் அதன் கூடவே ஓர் ஆள் வரவேண்டும். எங்கள் ஊரில் அதைத் தண்ணீர் கூட்டிவருவது என்போம். வழியில் யாரும் மறிக்காமல், முள்ளும் சருகும் அடைக்காமல் பார்த்துக் கண்மாயில் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். வீட்டுக்கு ஒரு முறை. போன மார்கழிக் கடைசியில் எங்கள் வீட்டு முறை வந்தது.

மேலே ஏழு கிலோமீட்டரில் தண்ணீரை அடைத்து நிற்கும் மதகுப் பலகை இருக்கிறது. பொழுது கிளம்பும்போது அதைத் தூக்குவார்கள். கீழே எங்கள் கண்மாய் வாயில், ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கியிருப்போம். தண்ணீர் அதில் முட்டித் திரும்பிக் கண்மாய்க்குள் போகும். பொழுது அடைந்ததும் மூட்டையைப் பிரித்துவிட வேண்டும். அதற்கப்புறம் வருகிற தண்ணீர் எங்களுக்குக் கீழே இருக்கிற ஊருக்கு. அந்த ஊர் என் பெண்டாட்டி பிறந்த ஊர்.

நெல் தொண்டைக்கதிராக நின்றது. இன்னும் ஒரு தண்ணீர் காட்டினால் கதிர் முழுசாக வரும். இல்லாவிட்டால் பதர். கண்மாயில் தண்ணீர் கிடந்தது, ஆனால் மடைக்கு ஒரு சாண் கீழே. பறவை நிற்கலாம், வயலுக்கு ஏறாது. நடுப்பகலுக்குள் ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டால் பொழுது அடைவதற்குள் மடை ஏறிவிடும்.

இரண்டு பேர் போவது வழக்கம். தம்பிக்குக் காய்ச்சல். என் பெண்டாட்டி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ எதுக்கு?"

"மக ஓட்டுன பள்ளிக்கூடத்துச் சைக்கிளு சும்மாதான் கெடக்கு. நானும் சும்மாதான் கெடக்கேன்."

"ஏழு கிலோமீட்டரு."

"நாத்து நடயில ஏழு கிலோமீட்டரு குனிஞ்சே போறவ நானு. உக்காந்து போகமாட்டேனா?"

மண்வெட்டியை என் சைக்கிள் பாரில் கட்டினேன். அவள் சைக்கிளின் முன்கூடையில் கஞ்சித் தூக்குவாளியும் அவித்த பனங்கிழங்கும் ஏறின. கருக்கலில் கிளம்பி மேலே போய்ச் சேர்ந்தோம். பலகையைத் தூக்கினார்கள். தண்ணீர் கிளம்பியது. நாங்களும் திரும்பினோம்.

வருகிற தண்ணீரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது ஓடி வராது. மணலைத் தடவித் தடவி வரும். முன்னால் நுரை, அதற்கு முன்னால் சருகு, ஆட்டுப் புழுக்கை, பனை ஓலைத் துண்டு. மணல் சுர்ரென்று குடிக்கும். கொப்புளம் விடும். பள்ளம் இருந்தால் நின்று நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி. மணலுக்குள் கிடந்த பூச்சியெல்லாம் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடும். கொக்கும் மைனாவும் கூடவே நடந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கும். கரிச்சான் மேலே இருந்து பாயும்.

கரை நல்ல கரை. மேலே வண்டித்தடம் உண்டு. இந்தப் பக்கம் சீமைக்கருவேல், அந்தப் பக்கம் மிளகாய் வயல். பனை வரிசை. காற்று பின்னால் இருந்து தள்ளியது. மிதிக்கவே வேண்டாம்.

ஆனால் தண்ணீரின் வேகத்துக்குச் சைக்கிள் ஓட்டுவது லேசு இல்லை. சைக்கிள் சாயும். பொங்கலுக்கு ஊரில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி வைப்பார்கள். கடைசியாக வருகிறவனுக்குக் குடம். நாங்கள் அன்றைக்கு அந்தப் போட்டியைத்தான் ஓட்டினோம். இரண்டு பனை தூரம் போவோம். இறங்குவோம். தண்ணீர் வரும். மறுபடி ஏறுவோம்.

"என்னங்க, கல்யாணம் முடிஞ்சு இருபத்திமூணு வருசத்துல நம்ம ரெண்டு பேரும் இப்படிச் சேந்து எங்கயாச்சும் போயிருக்கமா?"

"ஏர்வாடிக்குப் போனம்."

"அது ஒங்க அம்மாவுக்கு மந்திரிக்கப் போனது. அவுகளும்தான் கூட வந்தாக."

பனங்கிழங்கை உரித்து ஆளுக்குப் பாதி தின்றோம். கிழங்கின் நாரை இழுத்து எறிந்தாள். கொக்கு அது என்னவோ என்று வந்து பார்த்துவிட்டுப் போனது.

பாதி வழி தாண்டி ஆறு ஒரு வளைவு எடுக்கும். அங்கே நின்று பார்த்தால் கண்மாய் தெரியும். வெள்ளை வெள்ளையாகக் கருவேல மரமெல்லாம் பூத்த மாதிரி இருக்கும். பூ இல்லை, பறவை.

"போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவமா?" என்றாள். "தண்ணி ரொம்பத் தூரம் வாரதுக்குள்ள வந்துரலாம்."

தண்ணீரை விட்டு முன்னே போகக்கூடாது. கூட்டிவருகிறவன் அதன் கூடவே இருக்கவேண்டும். எனக்குத் தெரியும். இருந்தும் மிதித்தேன். காற்று அப்படி.

கண்மாய்க்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம். நாரைகள் கூட்டுக்குக் குச்சி எடுத்துப் போயின. ஒன்று வைக்கும், பக்கத்துக் கூட்டுக்காரி உருவிக்கொள்ளும். கூழைக்கடா நாலைந்து வரிசை கட்டி மீனை ஓரத்துக்கு ஒதுக்கின. பிறகு வாயை முறம் மாதிரி விட்டு அள்ளின.

"ஒங்க சித்தப்பா பந்தியில உக்காந்த மாதிரியே இருக்கு," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரையில் ஒரு தகரப் பலகையில் பறவைகளின் பேர் எழுதியிருக்கிறார்கள். அவள் ஒன்றைக் காட்டி என்ன பேர் என்பாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்துத் திரும்புவதற்குள் அது பறந்துவிடும். தெற்கே மாரியூர்ப் பக்கமிருந்து கடல்காற்று இறங்கியது. கஞ்சியைக் குடித்தோம். நான் கொஞ்சம் சாய்ந்தேன். அவளும் எழுப்பவில்லை.

கண்ணைத் திறந்தபோது நிழல் காலடியில் இருந்தது. ஆற்றைப் பார்த்தேன். மணல் காய்ந்து கிடந்தது.

சைக்கிளை எடுத்தோம். இப்போது மெதுவாக ஓட்டவில்லை.

வளைவுக்குக் கீழே அரைக் கிலோமீட்டரில் தண்ணீர் நின்றது. யாரோ மணல் அள்ளிய குழி, போன வேகத்தில் நாங்கள் கவனிக்காதது. ஒரு லாரியை உள்ளே நிறுத்தலாம். அது போன மாதம் இல்லை. தண்ணீர் அதற்குள் விழுந்துகொண்டிருந்தது. கால்வாசிகூட நிரம்பவில்லை. கூடவே வந்திருந்தால் குழிக்கு முன்னாலேயே மடக்கி ஓரமாகத் திருப்பியிருப்பேன். என் தப்பு.

குழிக்கரையில் ஓர் ஆள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொபெட், அதில் ஒரு மண்வெட்டி. என் பெண்டாட்டிக்குப் பெரியப்பா மகன். எனக்கு மச்சான். அவர்கள் ஊருக்காகப் பொழுதடைய மூட்டையைப் பிரிக்க வந்தவர், தண்ணீர் எங்கே வருகிறது என்று மேலே பார்க்க வந்திருக்கிறார்.

"வாங்க மாப்பிள்ள. தண்ணி கூட்டிட்டு வார ஆளு தண்ணிக்கு முன்னாடியே போயிட்டீகளே? அங்கன எலை போட்டுருந்தாகளா?"

நான் மண்வெட்டியை அவிழ்த்தேன்.

"ஏன் வெட்டுறீக? அது பாட்டுக்கு நெறையட்டும். நெறஞ்சா தானா வழியும்."

"நெறஞ்சு வழியறதுக்குள்ள பொழுது அடைஞ்சுரும்," என்றாள் அவள். "அப்புறம் நோகாம ஒங்க ஊருக்குப் போகும். நல்லாத்தான் இருக்கு அண்ணே ஒங்க ரோசன."

"ஒங்க ஊருன்னு சொல்லுற? நீ பொறந்த ஊருதான ஆத்தா அது?"

"பொறந்தது அங்கன. சோறு திங்கிறது இங்கன."

குழிக்கு வடக்கே மேடு. அதை ஒட்டி முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, குழிக்கு மேலே தண்ணீரை மடக்கினால் போதும். நாற்பது அடி நீளம். மணல் வெட்டவெட்டச் சரிந்தது. அவள் கையாலேயே வாரி ஓரம் போட்டாள். பத்தடி போவதற்குள் நிழல் கிழக்கே சாய ஆரம்பித்தது.

அவள் நிமிர்ந்தாள்.

"அண்ணே, இந்த வருசம் பொங்கச் சீரு கொண்டுட்டு வருவீகள்ல?"

"வராம? பச்சரிசி, கரும்பு, மஞ்சக்கொத்து, எல்லாம் வரும்."

"ஒண்ணும் வேணாம். இன்னிக்கிப் பொழுதடைஞ்சு ரெண்டு மணி நேரம் மூட்டையப் பிரிக்காம இருங்க. அதான் எனக்குச் சீரு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். மணலைக் கிண்டினார். எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவள் வாய்விட்டுக் கேட்டு அண்ணன்காரன் இல்லை என்றால் ஊரே பேசும்.

"ஏத்தா, எங்கிட்ட இருக்கிறதக் கேளு, தாரேன். ஊருத் தண்ணிய நான் எப்படிச் சீரா வைக்க? நாளைக்கி நூறு வீட்டுக்காரன் கரையில நிப்பான். வேட்டிய உருவிருவான்."

"ஒங்க வேட்டிய உருவி அவுகளுக்கு என்ன கெடைக்கப் போகுது?"

நான் வெட்டுவதை விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மொபெட்டில் இருந்த மண்வெட்டியை உருவிக்கொண்டு வாய்க்காலின் மறுமுனையில் இறங்கினார்.

"தள்ளுங்க மாப்பிள்ள. நீங்க வெட்டுறது கல்யாண வீட்டுல சந்தனம் தடவுற மாதிரி இருக்கு. பொழுதடைஞ்சு ஒரு நிமிசம்கூட நான் தரமாட்டேன். அதுவரைக்கும் கை இருக்கு, எடுத்துக்கங்க."

மனுசன் வெட்டினார். வெட்டு ஒவ்வொன்றும் கூடை மணல். அந்த முனையிலிருந்து அவரும் இந்த முனையிலிருந்து நானும் வந்து நடுவில் முட்டினோம். அவள் முள் ஒடித்துப் போட்டு, மேலே மணலை வாரிக் குழியின் வாயை அடைத்தாள். தண்ணீர் ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு வாய்க்காலில் தலையை நுழைத்துக்கொண்டு கிளம்பியது. காத்திருந்த கொக்குகளும் கிளம்பின.

இந்தத் தடவை அதை விட்டு முன்னே போகவில்லை. இரண்டு சைக்கிள், ஒரு மொபெட், மூன்றையும் தள்ளிக்கொண்டே நடந்தோம். மச்சான் பனங்கிழங்கு மென்றுகொண்டு வந்தார். அவள் பிறந்த ஊர்க் கதையெல்லாம் கேட்டாள். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டு மாடு கன்று போட்டது. அவரும் சளைக்காமல் சொன்னார்.

மூட்டையில் தண்ணீர் முட்டியபோது வெயில் தாழ்ந்திருந்தது. திரும்பிக் கண்மாய்க்குள் போனது. மேலேயிருந்து வருகிற தண்ணீர் அதற்குள் நன்றாகப் பெருத்திருந்தது. நான் மடைக்கல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். கல்லின் அடி நனைந்தது. பாதி நனைந்தது. பறவைகள் கூட்டம் கூட்டமாக அடைய வந்தன. கல்லுக்கு மேலே நாலு விரல் நின்றபோது பொழுது பனைக்குள் இறங்கியது. ஒரு முழம் எதிர்பார்த்தேன். நாலு விரல்தான். ஒரு நனைப்புக்குப் போதும். வரப்போரம் கொஞ்சம் பதராகும். ஆகட்டும்.

மச்சான் எழுந்து வேட்டியைத் தட்டினார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆற்றில் இறங்கி முதல் மூட்டையைப் பிடித்து இழுத்தார். நனைந்த மூட்டை. அசையவில்லை.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள்.

"இழுங்க அண்ணே. அங்கனயும் நெல்லு நிக்கிதுல்ல?"

நானும் இறங்கினேன்.