அண்ணி மாற்றி வாசித்த அத்தியாயம்

1983ஆம் ஆண்டு, பொங்கல் கழிந்த வாரத்தில், எங்கள் வீட்டுக்கு வரும் வார இதழில் ஒரு தொடர்கதை தொடங்கியது. கபடிக் குழு ஒன்றின் கதை. சிறந்த ஆட்டக்காரன் ஒருவன், அவனுடைய பெற்றோர், மணமான அக்கா, கூட ஆடும் நண்பன். முதல் சில வாரங்கள் ஆட்டமும் வீட்டுச் சண்டையுமாகப் போயின. மாசிக் கடைசியில் எனக்குப் பயம் பிடித்தது.

அப்போது நான் அரியலூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். மாலைகளில் பூப்பந்து ஆடுவேன். எங்கள் குழுவில் கல்லங்குறிச்சியிலிருந்து சைக்கிளில் வரும் ஒருவன் இருந்தான். அவனும் நானும் ஒருவரையொருவர் நேசித்தோம். அதைச் சொல்ல அன்று என்னிடம் சொல் இல்லை. ஊரில் இருந்தவை எல்லாம் வசைகள். நூலகத்தில் கிடைத்த நாவல்களில் பெரும்பாலானவற்றைப் படித்துவிட்டேன். விளையாட்டுக் கதை என்றால் கோப்பையில் முடியும், குடும்பக் கதை என்றால் கல்யாணத்தில். எங்களைப் போன்றவன் எப்போதாவது தலைகாட்டினால் சிரிப்பு மூட்ட வருவான், அல்லது முடிவதற்குள் செத்துப்போவான்.

இந்தத் தொடரின் ஆட்டக்காரனும் நண்பனும் எங்களைப் போன்றவர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் இவர்கள் சாப்பிட்டார்கள், கோபித்துக்கொண்டார்கள், ஆட்டத்தில் தோற்றார்கள். பயமே அதனால்தான். கோமாளியைப் பார்த்து யாரும் என்னை நினைக்க மாட்டார்கள். இவனைப் பார்த்தால் நினைப்பார்கள். கதாசிரியர் இவனை என்ன செய்கிறாரோ, அதையே என் வீடும் என்னைச் செய்யும் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் தொடர்கதையைத் தனியாகப் படிக்கும் வழக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டு கடையில் நான் இதழை வாங்கி வருவேன். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணி உரக்க வாசிப்பார். படிக்கத் தெரியாத அம்மா நிலக்கடலை உரித்தபடி கேட்பாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். காலை ஆட்டம் முடிந்து எங்களோடு சாப்பிட வரும் கல்லங்குறிச்சிக்காரனும் சுவரோரம் உட்கார்ந்து கேட்பான். வாசித்ததும் அண்ணி அந்தப் பக்கங்களைப் பிரித்து எடுத்துவைப்பார். தொடர் முடிந்ததும் பைண்டு செய்துவிடுவார். பெரம்பலூரில் அவருடைய பிறந்த வீட்டில் தங்கையும் அப்படியே சேர்த்துவந்தாள். அந்தத் தங்கையைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் வந்து சாமி படத்துக்கடியில் இருந்தது.

ஒரு ஞாயிறு அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: "நல்ல வேளைடா, நீங்க பூப்பந்து. கபடியா இருந்தா ஒங்களத்தான் எழுதியிருக்கான்னு ஊரே சொல்லியிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

பங்குனி முதல் வெள்ளி, கடையில் நின்றபடியே அந்த வார அத்தியாயத்தைப் படித்தேன். நண்பனின் வீங்கிய கணுக்காலுக்கு ஆட்டக்காரன் பற்றுப் போடுகிறான். சமையற்கட்டிலிருந்து பார்க்கும் அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. "உனக்குக் கல்யாணம் என்றால் நான் இந்த ஊரில் இருக்க மாட்டேன்" என்கிறான் நண்பன். "எனக்கு நீ போதும்" என்கிறான் இவன்.

அலுவலகத்துக்குத் திரும்பி, பென்சில் சீவும் பிளேடால் அந்தப் பக்கங்களை வெட்டி, துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டேன்.

"தம்பி, நடுவுல கதையவே காணோமே," என்றார் அண்ணி, அன்று மாலை இதழைப் புரட்டியபடி.

"புக்கே அப்படித்தான் வந்திருக்குங்க அண்ணி."

"அப்ப மாத்திட்டு வர்றதுதானே?"

"தீந்துபோச்சாம்."

"சரி, போவுது போங்க."

தொடர்கதை சேர்ப்பவர்கள் ஒரு வாரம் விட்டுப்போனால் சும்மா இருக்க மாட்டார்கள். அதை நான் மறந்துபோனேன். சனிக்கிழமை அண்ணி பஸ் ஏறிப் பெரம்பலூர் போய்த் தங்கையின் இதழை வாங்கி வந்துவிட்டார்.

ஞாயிறு மதியம் அதை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்து போனால் சந்தேகம் வரும் என்று நானும் உட்கார்ந்தேன். சுவரோரம் அவன். கணுக்கால் வந்தது. பற்று வந்தது. அடுத்து வரப்போகும் வரி எனக்கு மனப்பாடமாக இருந்தது.

அண்ணி ஒரு நொடி நிறுத்தினார். பிறகு அதே குரலில் வாசித்தார்: "உனக்குக் கல்யாணம் என்றால் நான்தானே மாப்பிள்ளைத் தோழன்!"

"நல்ல சிநேகிதம்," என்றாள் அம்மா.

அக்கா பார்க்கும் இடம் வரவே இல்லை. அச்சில் இல்லாத வேறேதோ பேச்சை அண்ணி தடுமாறாமல் வாசித்து முடித்தார். உண்மையான வரிகள் அந்த அறையில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இதழை மூடும்போது என்னைப் பார்த்தார். அண்ணனின் கேலிக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

மறுநாள் காலை கொல்லையில் துணி காயப்போட்டபடி, முகம் திருப்பாமலே பேசினார்.

"பின்னு கழண்டிருந்தா பக்கம் தானா வந்திருக்கும் தம்பி. இது பிளேடு வச்சு வெட்டுனது."

நான் வாளியிலிருந்த துணியை எடுத்து நீட்டினேன்.

"எதுக்கு வெட்டுனீங்கன்னு மொதல்ல தெரியல. பஸ்ஸுல வர்றப்ப படிச்சேன். தெரிஞ்சிடுச்சு."

"அண்ணி..."

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். ஜாதகம் ஒத்து வரலைன்னு எங்க வூட்டுல சொல்லிடுறேன். அவ என் தங்கச்சி, அதனால நான் பாத்துக்கிட்டேன். நாளைக்கு வேற வூட்டுப் பொண்ணு வருவா. அவளுக்கு யாரு இருக்கா? நீங்கதான் வேணாம்னு நம்ம வூட்டுல சொல்லணும்."

நடந்ததை அவனிடம் சொன்னேன். அதோடு அவன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதை நிறுத்திக்கொண்டான். சித்திரையில் தொடர் திடீரென்று முடிந்தது. ஆட்டக்காரனுக்கு முறைப்பெண்ணோடு கல்யாணம்; நண்பன் ரயிலேறி எங்கோ போய்விட்டான். அந்தக் கடைசி அத்தியாயத்தை அண்ணி ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தார். "நல்லபடியா முடிஞ்சுது," என்றாள் அம்மா.

வைகாசியில் செந்துறையிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பத்துப் பொருத்தமும் இருக்கிறதாம். மதியம் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "வர்ற வெள்ளிக்கிழமை போயி பொண்ணு பாத்துட்டு வந்துரலாம்."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. கரண்டியிலிருந்து குழம்பு விழுவதும் நின்றிருந்தது.

"எனக்கு வேணாம்ப்பா. இந்தப் பொண்ணு மட்டுமில்ல. எந்தப் பொண்ணும் வேணாம்."

"ஏன்டா, சாமியாராப் போறியா?" என்று அண்ணன் சிரிக்கத் தொடங்கினார்.

"நீங்க செத்த சும்மா இருங்க," என்றார் அண்ணி.

சிரிப்பு பாதியில் நின்றது. அப்பா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு முதலில் அண்ணியைப் பார்த்தார், பிறகு என்னை.

"ஏன்?" என்றார்.